நர்சும் வேணும், பாயும் வேணும்

பாய்,

இன்று காலை பேராவூரணிக்குப் பக்கத்தில், படுக்கையில் இருக்கும் ஒரு பெரியவருக்கு உடம்பு துடைத்துவிட்டுப் பவுடர் டப்பாவைத் திறந்தேன். ரோஜா வாசனை. "நோயாளி மாதிரி வாசம் வரக் கூடாது, மாப்பிள்ளை மாதிரி வரணும்" என்று நீங்கள் விடாப்பிடியாக வாங்கி வருவீர்களே, அதே பவுடர். அவரிடம் அதைச் சொன்னதும் பல்லில்லாத வாயால் சிரித்தார். அப்போதிருந்து உங்களோடு பேச வேண்டும் போலிருக்கிறது.

துபாயில் லாரி ஓட்டிவிட்டு அதிராம்பட்டினத்துக்குத் திரும்பியவர் நீங்கள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் எங்கள் குழுவின் வேனை ஓட்ட வந்தீர்கள். எழுந்து நடமாட முடியாதவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஓட்டுவதோடு நீங்கள் நிற்கவில்லை. தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போன கோவிந்தராசுவோடு உட்கார்ந்து சீட்டாடுவீர்கள். அவர் ஜெயித்தால் அன்று ஒழுங்காகச் சாப்பிடுவார். தோற்றால் நம் எல்லாருக்கும் திட்டு.

அந்தச் சமயத்தில்தான் அரசின் புதுத் திட்டம் பற்றிய பேச்சு வந்தது. வீட்டுக்கே நர்ஸ் வருவார், மருந்து வரும். எங்களைப் போன்ற தொண்டுக் குழுக்களும் அதன் கீழ் வர வேண்டும். ஒரு வீட்டில் இவ்வளவு நேரம்தான் இருக்கலாம், போனதும் செல்போனில் பதிய வேண்டும் என்றெல்லாம் விதிகள். எனக்குக் கோபம் பொங்கியது. "இத்தனை வருஷம் நாம பார்த்தோம். இப்ப வந்து நமக்கு மணி அடிக்கிறாங்களா?" என்றேன்.

நீங்கள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னீர்கள். "நர்ஸ் வர்றது நல்லதுதானே தங்கச்சி. கோவிந்தராசு முதுகுப் புண்ணு நம்ம கையில ஆறலையே."

பட்டுக்கோட்டை வரும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். நீங்களும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தீர்கள். அதுதான் இன்னும் எரிச்சல்.

திட்டம் பற்றிப் பேச, தஞ்சாவூரில் தொண்டுக் குழுக்களை அழைத்துக் கூட்டம் நடந்தது. நாகப்பட்டினத்திலிருந்து வந்த அம்மா ஒருவர், "சுனாமிக்கு அப்புறம் எத்தனையோ பேர் வந்தாங்க, போனாங்க. சனங்களோட கடைசிவரைக்கும் இருந்தது நாங்கதான்" என்றார். நானும் சூடாகப் பேசினேன். திட்ட அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யாரைப் பார்த்தாங்க, யாரை விட்டாங்கன்னு தெரியாம நான் எப்படிங்க பொறுப்பேத்துக்கிறது?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

பின்வரிசையிலிருந்து நீங்கள் எழுந்தீர்கள். "சார், நாம எல்லாரும் பேசிட்டோம். படுத்திருக்கிறவரை ஒரு வார்த்தை கேட்டுரலாமா?" என்று கோவிந்தராசுவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து மேசையில் வைத்தீர்கள்.

கோவிந்தராசு யோசிக்கவேயில்லை. "நர்சும் வேணும், பாயும் வேணும் சார். புண்ணுக்கு நர்சு, சீட்டுக்குப் பாய். அவரு ஆட்டம் முடியறதுக்குள்ள எந்திரிச்சுப் போனா நான் ஒத்துக்க மாட்டேன்."

அரங்கமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு பேச்சின் தொனியே மாறிவிட்டது. எங்கள் ஒன்றியத்தில் நர்சும் குழுவும் சேர்ந்தே போவது, நேர அளவு தொண்டர்களுக்குக் கிடையாது, யாரைப் பார்த்தோம் என்பதை மட்டும் நாங்கள் பதிவது என்று முடிவானது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. பழகிய நர்சை அடிக்கடி மாற்றுவார்கள் என்ற எங்கள் பயம் இன்றும் தீரவில்லை. ஆனால் கோவிந்தராசுவின் புண் ஆறியது. சக்கர நாற்காலியில் தோப்பு நிழலுக்கு வந்தார்.

பிறகு நீங்கள் படுத்தீர்கள். நோய் முற்றிய பிறகுதான் தெரிந்தது. உங்கள் வீட்டுக்கு நர்ஸ் வந்தார், நாங்கள் வந்தோம். கோவிந்தராசுவும் நாற்காலியோடு வேனில் ஏறி வந்தார், கையில் சீட்டுக்கட்டு. அவர் வேண்டுமென்றே தோற்பதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். "வெளயாட வந்தியா, வெட்டுப்பட வந்தியா? ஒழுங்கா ஆடுடா." மறு ஆட்டத்தில் அவர் உங்களை நிஜமாகவே தோற்கடித்தார். அன்று உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் போன பிறகும் உங்கள் மனைவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வலி குறைந்திருந்த ஒரு மாலையில் என்னிடம் சொன்னீர்கள். "எதாச்சும் மாத்துறாங்கன்னா உடனே கோவப்படாத தங்கச்சி. அது படுத்திருக்கிறவனுக்கு நல்லதா, நமக்கு நல்லதான்னு மட்டும் பாரு."

போன வாரம் உங்கள் ஊரில் சில பெண்கள் புதிதாக ஒரு குழு தொடங்கியிருக்கிறார்கள். திட்டத்தில் சேரலாமா என்று கேட்டார்கள். நீங்கள் சொன்னதைச் சொன்னேன். ஒருத்தி கேட்டாள், "அக்கா, ரெண்டு பேருக்குமே நல்லதில்லைன்னா?"

"அப்ப தஞ்சாவூருக்குப் போய்ப் பேசுவோம். ஏறுங்க, வண்டி நான் ஓட்டுறேன்" என்றேன்.

ஆமாம் பாய், லைசென்ஸ் எடுத்துவிட்டேன். ரிவர்ஸ்தான் இன்னும் சரியாக வரவில்லை.