கேமராவை விட்டு ஓடினேன்

செவ்வாய், இரவு

படிக்க வேண்டிய நேரத்தில் இதை எழுதுவது தப்புதான். ஆனால் தூக்கம் வரவில்லை.

இன்று கல்லூரி ஸ்டுடியோவில் செய்திப் பயிற்சி. கேமரா என் கையில். அதன் பின்னால் நின்றால் யாரும் என்னைப் பார்ப்பதில்லை. நான் எல்லோரையும் பார்க்கலாம். பாதியில் மேலே ஒரு லைட் படாரென்று வெடித்தது. மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் செருப்பைக்கூடப் போடாமல் கேட் வரைக்கும் ஓடிவிட்டேன். பட்டாசு செய்யும் எங்கள் ஊர் தாயில்பட்டியில் வெடிச் சத்தம் கேட்டால் யாரும் நின்று பார்ப்பதில்லை.

"ஏ புள்ள, இதென்ன பட்டாசுக்கு மருந்து கலக்குற ரூமா?" என்றான் செல்வம். வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை.

"நாளைலருந்து நீ ஸ்கிரிப்ட் எழுதும்மா. கேமராவைச் செல்வம் பாத்துக்கிடட்டும்."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்த அம்மாவிடம் சொன்னேன். "வெளிய வந்துட்டேல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

சாரிடம் சொல்லாததை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். சார், இன்னொரு தடவை சத்தம் கேட்டாலும் நான் ஓடத்தான் செய்வேன். ஓடிட்டுத் திரும்பி வந்துருவேன். கேமராவை எனக்கே குடுங்க சார்.