சாமந்தி இதழும் தொண்ணூற்றாறு டிகிரியும்

ஐப்பசி 4, செவ்வாய். இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. என் லிக்விட் கூலிங் கணினி சர்வீஸ் முடிந்து வந்ததிலிருந்து, ஓவர்கிளாக் செய்து வேகத்தைக் கூட்டி ஓட்டினால் தொண்ணூற்றாறு டிகிரி சூட்டைத் தொட்டு அணைந்துவிடுகிறது. பூந்தமல்லி கடைக்காரரிடம் போனில் கேட்டேன். "இன்னா நைனா, இந்த வயசுல ஓவர்கிளாக் உனுக்குத் தேவையா? நீதான் எங்கனா கைய வச்சிருப்ப" என்றார். நானும் நம்பிவிட்டேன். நான்கு நாள் அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதி எழுதி என் தவறைத் தேடினேன். விற்றுவிடலாம் என்று மகனிடம் சொல்லியும்விட்டேன்.

இன்று காலை மேல்மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன். சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டர் தகடுகளுக்கிடையே காற்று போக வழியில்லாமல், ஃபேன் இழுத்துக்கொண்ட சாமந்தி இதழ்களும் குங்குமமும். அண்ணன் இறந்து வருடம் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் இந்த முறை ஆயுத பூஜையே கிடையாது. அன்று கணினி பூந்தமல்லி கடையில்தான் இருந்தது!

பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். அறுபத்தெட்டுக்கு இறங்கியது. இதழ்களைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய்க் கடைக்காரர் மேஜையில் வைத்தேன். அவர் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாமி பூவு நைனா, நல்லதுக்குத்தான் வச்சோம்."

மன்னிப்பு கேட்கச் சொல்லத்தான் போனேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விற்க வேண்டாம் என்று மகனுக்குப் போன் செய்தேன். "நல்லா பார்த்தீங்களாப்பா?" என்கிறான். என்ன கேள்வி இது! போனை வைத்துவிட்டு, இன்னொரு முறை போய்ப் பார்த்தேன்.

அறுபத்தெட்டுதான்.