ஹாலுக்கு ஒரு கார்பெட்

ஜூன் 8, ஞாயிறு

அனல். காலையிலேயே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. வடகம் போட்டாயிற்று.

காபி குடிக்கும்போது அவர் சொன்னது: "ஹால்ல ஒரு கார்பெட் போட்டா நல்லா இருக்கும் இல்ல?"

திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்கு என்று அவராக ஒரு பொருள் கேட்டதே கிடையாது. தன் கடைக்கு என்றால் கேட்பார். ஸ்பேர் பார்ட்ஸ், ரேக், லைட்டு.

"நீயே பாத்து செலக்ட் பண்ணு சுமதி. கலர், சைஸ் எல்லாம் உன் இஷ்டம்."

மகள் நிவி போனிலிருந்து தலை தூக்கவில்லை. காலேஜ் இரண்டாம் வருஷம் வந்தபிறகு எதற்குமே தூக்குவதில்லை.

டேப் எடுத்து ஹாலை அளந்தார். அப்புறம் பெட்ரூம், சமையலறை, வாசல் வரைக்கும். "பெட்ரூமுக்கு இன்னாத்துக்கு?" என்றேன். "டேப்பு கைல இருக்குல்ல. அப்டியே அளந்து வெச்சிக்கலாம்."

துணி ஊறப் போட வேண்டும். ரேஷன் கார்டு எங்கே?

ஜூன் 10, செவ்வாய்

ஷூ ஃபேக்டரியில் பேஜார். டேன் கலர் மேல்தோல் ஒரு லாட் முழுக்க ஷேடு மாறி வந்திருக்கிறது. இடது ஒரு நிறம், வலது ஒரு நிறம். திருப்பி அனுப்பினேன். சூப்பர்வைசருக்கு முகம் சுருங்கியது. சுருங்கட்டும். செக்கிங்கில் உட்கார வைத்தது அதற்குத்தானே.

சாப்பாட்டு நேரத்தில் கார்பெட் பேச்சு. ஆளுக்கொரு யோசனை. தோல் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது நம் ஊரிலேயே கிடைக்குமாம். வேண்டாம். நாள் முழுக்க அந்த வாசனையில்தான் இருக்கிறேன், வீட்டுக்குப் போயும் அதன்மேல் உட்கார வேண்டுமா. தேங்காய் நார் குத்தும். புசுபுசு என்று முடி வைத்தது பார்க்க அழகு, ஆனால் பைபாஸ் புழுதி எல்லாம் அதில்தான் தங்கும், நிவி தலைமுடி வேறு. வெள்ளை, சந்தனம், ஊஹூம்.

மெல்லியதாக, உதறக்கூடியதாக. வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர். அடர்ந்த நிறம். இவ்வளவுதான் முடிவாகியிருக்கிறது.

ஜூன் 14, சனி

சாயங்காலம் இடி மட்டும். மழை இல்லை.

பழைய பேப்பர்களை ஒட்டி ஹாலில் விரித்துப் பார்த்தேன். அஞ்சுக்கு எட்டு அடி: பெரிய தரையில் ஸ்டாம்ப் ஒட்டின மாதிரி. ஆறுக்கு ஒன்பது: சோபாவின் முன்கால்கள் கார்பெட் மேல் ஏறி நிற்கின்றன, டீப்பாய் நடுவில், சுற்றிலும் டைல்ஸ் ஒரு முழம் தெரிகிறது. அதுதான் சரி. டைல்ஸ் தெரியத்தான் வேண்டும். பழைய கம்பெனியை மூடியபோது வந்த என் பி.எஃப். முழுக்க இந்தத் தரையில்தான் போயிற்று. வீட்டுப் பத்திரம் அவர் பேரில், லோனுக்கு சுலபம் என்று. தரை என்னுடையது என்று விளையாட்டாகச் சொல்வேன்.

அவர் பேப்பரைச் சுற்றிக்கொண்டு போனார். "இவ்ளோ பெருசு எதுக்கு? சுருட்டி எடுக்கற மாதிரி சின்னதா பாரேன்."

நாத்தனார் செல்வி ஓசூரிலிருந்து போன். அவளுக்கும் விஷயம் போயிருக்கிறது. "எங்க போனாலும் தூக்கினு போற மாதிரி லேசா வாங்குங்க அண்ணி."

"நான் எங்கடி போப்போறேன்?" என்றேன். சிரித்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

பேரணாம்பட்டிலிருந்து அவருடைய தோஸ்த் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். தோல் கம்பெனி ஆபீஸில் வேலை. புதுசாக வீடு கட்டப் போகிறார்களாம், நம் வீட்டு மாடல் பார்க்க வேண்டுமாம். அவள் பெயர் நசீமா. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். நல்ல மாதிரி. டீயும் வாழைக்காய் பஜ்ஜியும்.

அந்த மனிதர் சுவரைத் தட்டிப் பார்த்தார், மாடி டேங்க் பார்த்தார், மோட்டாரைப் போடச் சொன்னார். கட்டுகிறவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள் போல.

நசீமா தரையில் கிடந்த பேப்பரைப் பார்த்து இது என்ன என்று கேட்டாள். கார்பெட் சைஸ் என்று விளக்கினேன். பச்சை வாங்கலாமா என்று ஒரு யோசனை என்றேன்.

"பச்சை வேணாம்க்கா. நம்ம சோபா மெரூனு, அதுக்கு ஒத்து வராது."

எங்கள் சோபா சாம்பல் நிறம். கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். நீலம் எப்படி என்றேன். "நீலம் ஓகே," என்று சிரித்தாள். பிடித்துப்போயிற்று அவளை.

அவர்கள் கிளம்பியபோது அவரும் வாசல்வரை போய் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

ஜூன் 28, சனி

வேலூர். அவர் பைக்கிலேயே கூட்டிக்கொண்டு போனார்.

கடைக்காரர் ஒவ்வொன்றாக உதறி விரித்தார். கால் வைத்துப் பாருங்கள் என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பார்த்தேன், ஓரத் தையலை இழுத்துப் பார்த்தேன். ஈரக் கைக்குட்டையால் தேய்த்தேன், சாயம் ஒட்டவில்லை. கடைக்காரர்: "மேடம் இன்னா, ஷூ கம்பெனியா?" அவர் பெருமையாகத் தலையாட்டினார்.

கருநீலம். மெல்லிய சாம்பல் கோடுகள், அங்கங்கே அறுந்து அறுந்து. ஆறுக்கு ஒன்பது. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, இதுதான்.

இன்றைக்கே எடுத்துவிடலாம் என்றேன். "பைக்ல எப்டி தூக்கினு போறது? எடுத்து வெக்க சொல்லு, வந்து வாங்கிக்கலாம்."

பரோட்டா. இரண்டு முழம் மல்லி, அவராகவே வாங்கினார். திரும்பும்போது பாலாற்றுப் பாலத்தில் காற்று. நல்ல நாள்.

ஜூலை 2, புதன்

ஷிப்டு முடிந்து மார்க்கெட். தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது "அக்கா" என்று குரல். நசீமா. கையில் கொத்தமல்லிக் கட்டு.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே. ஜன்னல் ஸ்க்ரீன், ஃபேனு எல்லாம் வுட்டுட்டுத்தானே போறீங்க? அண்ணன் அப்டிதான் சொன்னாரு. நீங்க ஆசையா பாத்த கார்பெட்ட மட்டும் எடுத்துனு போங்க, அது உங்களுது."

"எங்க போறோம்?" என்றேன்.

சிரித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஓசூருக்கு... வீடு எங்களுக்குக் குடுக்கறீங்க இல்ல... அடுத்த வாரம் பத்திரம்..."

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. தக்காளியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

வீட்டில் நிவி மட்டும். "ஓசூர் போறமா நாம?" ஒரு கேள்விதான். அழ ஆரம்பித்துவிட்டாள். அப்போதே தெரிந்துவிட்டது.

"அப்பா சத்தியம் வாங்கினாரும்மா. அத்தை ஊட்டுக்காரரு கூட சேந்து அங்க பெரிய கடை போடறாராம். ஓசூர்ல எனக்கு காலேஜ் கூட பாத்துட்டாரு. ஆடி பொறக்கறதுக்குள்ள பத்திரம் முடிக்கணுமாம்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீ ஒத்துக்க மாட்டன்னு. ஆளுங்க வந்து வீடு பாக்கும்போது உனக்கு சந்தேகம் வரக்கூடாதுன்னு அத்தைதான்... அண்ணிய எதுலயாவது பிசியா வையி, கார்பெட் கிர்பெட் ஏதாவது வாங்க சொல்லுன்னு."

கார்பெட் கிர்பெட்.

ஜூலை 3, வியாழன்

லீவு போடவில்லை. லைனில் உட்கார்ந்தேன். என் கையில் இரண்டு ஜோடி தப்பாகப் பாஸ் ஆகிவிட்டன. பக்கத்தில் இருந்தவள் பார்த்து எடுத்தாள்.

நேற்று அவர் வந்ததும் கேட்டேன். மறுக்கவில்லை. சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டே பேசினார்.

"சொன்னா நீ ஒத்துக்கவா போற? உன் வேலை, உன் வீடுன்னு நிப்ப. இங்க கடைல இன்னா இருக்கு? நம்ம நல்லதுக்குத்தானே."

"நான் கடை கடையா பாத்தனே. பேப்பர் ஒட்டி அளந்தனே. ஒரு நாளாவது வேணாம்னு சொல்லக்கூடாதா?"

"நீ சந்தோஷமா இருந்த. அத ஏன் கெடுக்கறதுன்னு வுட்டுட்டேன்."

இதைவிட அடித்திருக்கலாம்.

வேலூர் போன அன்றைக்கு வாங்கிய மல்லியும் இந்தக் கணக்கில்தானா? கேட்கவில்லை. சுருட்டி எடுக்கிற மாதிரி, தூக்கினு போற மாதிரி. ஒவ்வொருவரும் நேராகத்தான் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத்தான் கேட்கவில்லை.

ஹாலில் இருந்த பேப்பரைக் கிழித்தெடுத்தேன். செல்லோடேப் ஒட்டிய இடத்தில் பிசுக்கு. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தும் போகவில்லை.

ஜூலை 4, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை.

அவர் குழைவாக வந்தார். பத்திரத்தில் சாட்சியாக மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும், பின்னால் தகராறு வரக்கூடாது என்று வாங்குகிறவர் கேட்கிறாராம். "ஒரு கையெழுத்துதான் சுமதி."

"நான் கண்டுபிடிக்கலன்னா எப்டி வாங்கியிருப்பீங்க?"

"ஏதாவது சொல்லி கூட்டினு போயிருப்பேன்."

கார்பெட் வாங்கப் போகலாம் என்றுகூடக் கூப்பிட்டிருப்பார். நானும் நல்ல புடவை கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பேன்.

வேலூர் கடைக்காரர் போன் செய்தார், எப்போது வருகிறீர்கள் என்று. வேறு யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள் என்றேன். "இன்னாச்சு மேடம், கலர் புடிக்கலையா?" பிடித்தது என்றேன்.

ஜூலை 5, சனி

அரை நாள் வேலை. வீட்டுக்கு வராமல் பேரணாம்பட்டு பஸ் ஏறினேன். உட்கார இடம் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. இந்த வீட்டில் அதுதானே வழக்கம்.

பஸ் ஸ்டாண்டில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். ஹாலில் மெரூன் சோபா. அதில்தான் உட்காரச் சொன்னார்கள். நசீமா தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் வீட்டுக்காரரும் வந்து உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன். "மார்க்கெட்ல இவங்க சொல்லித்தான் தெரியும். எனக்கு சம்மதம் இல்ல. கையெழுத்து போட மாட்டேன். உங்க மேல கோவம் இல்ல."

அவள் வீட்டுக்காரர்: "சம்மதத்தோடதான் குடுக்கறோம்னு உங்க வீட்டுக்காரரு சொன்னாரும்மா. நான் ரெண்டு வாட்டி கேட்டேன்."

நசீமா: "எனக்கு அந்த வீடு ரொம்ப புடிச்சிதுக்கா. ஆனா நீங்க அழுதுட்டுப் போன அடுப்புல நான் எப்டி சமைக்கறது?" அவள் அழுதுவிட்டாள். எனக்கு வரவில்லை.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டேன். நல்ல பசி.

ஜூலை 7, திங்கள்

அவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு அவருக்குப் போன். நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம போய்ட்டு வந்திருக்க! ஊர்ல என் மானத்த வாங்கிட்ட. இப்டி பண்ணுவன்னு நெனைக்கவே இல்ல. முதுகுல குத்திட்ட நீ."

நான் குத்தினேனாம்.

செல்வி போனில் ஓவென்று கத்தினாள். அண்ணன் முன்னேறுவது அண்ணிக்குப் பிடிக்கவில்லையாம். காதிலிருந்து எடுத்து அடுக்களை மேடையில் வைத்துவிட்டுக் குழம்பைக் கிளறினேன்.

நிவி என் பின்னாலேயே சுற்றுகிறாள். தலை வாரிவிடச் சொன்னாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற பழக்கம். வாரிவிட்டேன். நல்ல முடி, என் அம்மா முடி. அவள்மேல்தான் கோபம் அதிகம். செய்த தப்பை அவரிடமிருந்து மறைக்க எத்தனை தடவை நான் இவளுக்குத் துணை நின்றிருப்பேன்.

ஜூலை 9, புதன்

மழை. சமையலறை ஜன்னல் சரியாக மூடவில்லை, ஆள் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அவர் இரண்டு நாளாகப் பேசவில்லை. நானும். நிவி நடுவில் தூது. "அப்பா சாவி கேக்கறாரு." "ஆணில இருக்குன்னு சொல்லு." இரண்டு பேரும் ஒரே ஹாலில்தான் இருக்கிறோம்.

மாத்திரை வாங்க. மிக்ஸி ஜார்.

ஜூலை 11, வெள்ளி

விடியலில் எழுந்து டிபன். இட்லி, நேற்றைய குழம்பு.

அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். ஓசூர் யோசனையை விட்டுவிட்டாராம். செல்வி வீட்டுக்காரர் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டாராம். குரல் உடைந்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது.

"நாளைக்கு வேலூர் போலாம் சுமதி. நீ பாத்த அந்த நீலத்தையே எடுத்துக்க. பெருசாவே எடுத்துக்க."

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன். "கார்பெட் வேணாம். வீட்ட ரெண்டு பேரு பேருக்கும் மாத்துங்க."

அவருக்கு முகம் சிவந்தது. "அப்போ என்மேல நம்பிக்கை இல்லன்ற?"

நிவி பல் துலக்குவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். அவர் காத்துக்கொண்டிருந்தார், ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க என்று நான் சொல்வேன் என்று. இத்தனை வருஷமாக அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

"ஆமா, இல்ல," என்றேன்.

தெருமுனையில் ஃபேக்டரி பஸ் ஹார்ன். டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு ஓடினேன்.