ஒரே மருந்து, மூன்று உடம்பு

ஜூன் 12
தேஜஸுக்குப் பதவி உயர்வு, பாணேரில் இருக்கும் கம்பெனியில். கீர்த்தி வங்கிப் பரீட்சையில் தேறிவிட்டாள். வைஷு ரத்தத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கப்போகிறாள். மூத்தவன் பெற்ற மூன்றும் முத்து. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் பேரப்பிள்ளைகளாக்கும்!
இளையவன் துரைசாமியைப் பற்றி என்ன எழுத. ரோஜாத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிறான். இன்றும் தள்ளாடி வந்தான். கடைவாயில் எச்சில்.

ஜூன் 15
தோட்டத்து மேஸ்திரி கேஷவ் போன் செய்தார். "மருந்தடிக்கிற மூணு ஆளும் ஒரே மருந்துதான் அடிச்சாங்க, மாஜி. துரைசாமி மட்டும் ஏன் விழறான்? பீகே ஆயா, குடிச்சிட்டு வந்திருக்கான்."
நியாயமான கேள்விதானே?
"குடிகாரனோட இருக்க முடியாது அத்தை" என்று அவன் பெண்டாட்டி சரசா பிள்ளைகளோடு கோந்த்வாவில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூன் 16
"எம்மா, ஒரு சொட்டு தொட்டதில்ல." என்றான் துரைசாமி. நான் நம்பவில்லை.

ஜூன் 30
ஆளந்தி கோயிலுக்கு அவனை இழுத்துப்போய்த் துளசி மாலை போட்டுவிட்டேன். குடியை விடுகிறவர்கள் போடுவார்கள். திரும்பும்போது பஸ்ஸில் அவன் பேசியது ஒரே ஒரு பேச்சு: "குடிக்காதவன் எத விடுறதும்மா?"

ஜூலை 9
மாலையோடு விழுந்தான். ஆஸ்பத்திரி. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார் — கண்மணி குண்டூசி முனையளவு. சாராயமில்லை, பூச்சிமருந்து உடம்பில் ஏறியிருக்கிறது என்றார்.
நாங்கள் குடியிருக்கும் கட்டடம் முழுக்க "மாலையோடயே குடிச்சிருக்கான்" என்று பேச்சு. யார் கிளப்பியது? மாலை போட்டுக் குடிகாரன் என்று ஊருக்கே சொன்னவள் நான்தானே!

ஜூலை 20
துரைசாமி பிழைத்தான். வைஷுவின் ஆய்வுக்குத் தோட்டத்து ஆட்கள் ரத்தம் கொடுக்கிறார்கள். அவனும் கொடுத்தான். நானும் வைஷுவிடம் கை நீட்டினேன்.
"டர் லக்தா ஹை, ஆச்சி? பயமா?"
"உன் அப்பனையே பெத்தவ நான். போடி!"

ஆகஸ்ட் 18
வைஷு வந்தாள். தட்டுத்தடுமாறிய தமிழில் சொன்னாள்.
"ரத்தத்துல ஒண்ணு இருக்கு ஆச்சி, மருந்த உடைக்கிற மாதிரி. எல்லாருக்கும் ஒரே ஸ்பீட் இல்ல. சித்தப்பாக்கு ரொம்ப ஸ்லோ. அது மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது. மாஸ்க் இல்லாம அடிச்சா யாருக்கும் ஆபத்துதான். ஆனா சித்தப்பா ஜூட்... பொய் சொல்லல."
"எங்கேருந்துடி வந்தது?"
"பாதி தாத்தாகிட்டருந்து. பாதி உங்ககிட்டருந்து."
கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. பருத்திக்காட்டில் மருந்தடித்த நாளெல்லாம் நான் வாந்தி எடுப்பேன். வேலைக்கள்ளி என்று அப்பா அடிப்பார். அன்றும் இதுதானோ? யாருக்கும் தெரியாமல் இத்தனை வருடம் ரத்தத்துக்குள் இருந்திருக்கிறது. அம்மாடி! கேஷவ் கேட்டதற்கு ரத்தமே பதில் வைத்திருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.
அப்பா என்னை அடித்தார். நான் இவனுக்கு மாலை போட்டேன்.

ஆகஸ்ட் 19
மாலையைக் கழற்று என்றேன். "இருக்கட்டும்மா, பழகிருச்சு" என்று சிரிக்கிறான். அழுகையாக வந்தது.

ஆகஸ்ட் 25
கோந்த்வா போனேன். சம்பந்திகள் முன்னாலேயே சொன்னேன்: "சரசா, அவன் குடிக்கல. பழி சொன்னவ நான்." அவள் டீ போட்டுக் கொடுத்தாள்.

செப்டம்பர் 14
துரைசாமிக்கு இனி மருந்து வேலை கிடையாது, பூக்கட்டும் அறைதான். மருந்தடிக்கிறவர்களுக்கு மாஸ்க்கும் கையுறையும் வந்துவிட்டன. கேஷவே முதலில் போட்டுக் காட்டினாராம். இன்று சரசா பிள்ளைகளோடு தோட்டத்துக்குப் போய் அவனோடு படம் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறாள். அதை எல்லாரும் பார்க்கக் குரூப்பில் போட எனக்குத் தெரியவில்லை. தேஜஸுக்குப் போன் செய்தேன்: குடும்பக் குரூப்பில் உங்கள் சித்தப்பாவின் புதுப் படத்தைப் போடு ராசா, இப்பவே போடு.