வாக்குத்தத்தத் தட்டில் நான் கலந்தது

டிசம்பர் 18, 2024

நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில் இன்று லோடு ஏறவில்லை. லாரி செங்கோட்டையில் பஞ்சராகி நிற்கிறதாம். சும்மா இருந்தால் எனக்கு இறையியல் பொங்கும். அந்த நேரம் பார்த்துச் சகலை பெலிக்ஸ் போன் செய்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண மண்டபம் பிடித்து ஜெபக்கூட்டம் நடத்தும் பாஸ்டர் ஐயாதுரையிடம் இப்போது இவனும் போகிறான். "நம்ம விசுவாசம் எம்புட்டோ அம்புட்டுதான் ஆண்டவர் செய்வாராம்ணே."

"ஏலே, அப்போ முதலாளி அவரா, நீயா?"

"உங்ககிட்ட பேச ஏலாதுண்ணே." வைத்துவிட்டான்.

ஜெயித்துவிட்டேன். அப்புறம் ஏன் டீ இறங்கவில்லை?

பெலிக்ஸைக் குறை சொல்ல முடியாது. அவன் மனைவி ஜெபா (என் பிரிஸ்கில்லாவின் தங்கை) உண்டாகியிருக்கிறாள். இதற்கு முன் இரண்டு முறை கலைந்தது. பயந்தவன் எந்தக் கதவையும் தட்டுவான். ஆனால் பயந்தவனிடம் போய், எல்லாம் உன் விசுவாசத்தில் இருக்கிறது என்று சொல்லலாமா? மனுஷன் கடவுளைப் பிடித்துக்கொள்வதால் அல்ல, அவர் மனுஷனைப் பிடித்துக்கொள்வதால் இரட்சிப்பு. யாரை இரட்சிப்பது என்று உலகம் உண்டாகுமுன்பே குறித்தார், கொண்டுபோய்ச் சேர்ப்பார். சபையைச் சீர்திருத்திய கால்வின் வழியில் நான் கற்றது இது ஒன்றுதான். ஞாயிறு வேதபாட வகுப்பில் வருஷக்கணக்காக இதையே சொல்லி, 'முன்குறி அண்ணாச்சி' என்று பட்டப்பெயரும் வாங்கியாயிற்று.

டிசம்பர் 21

இந்த வருஷ வாக்குத்தத்த அட்டைகளை அச்சடித்துத் தரும் பொறுப்பை எங்கள் சபைப் போதகர் ஐயா என்னிடம் விட்டார். பூனையிடம் மீன்சட்டி.

ஜனவரி ஒன்றாம் தேதி தட்டில் அட்டைகளைக் குவித்து வைப்போம். கண்ணை மூடி ஆளுக்கொன்று எடுப்பார்கள். வந்த வசனம்தான் அந்த வருஷம் முழுக்க அவருக்கென்று ஆண்டவர் சொன்னது. பீரோவில் ஒட்டுவார்கள், பைக்கில் ஒட்டுவார்கள். எல்லாம் தேன் வசனம்: உயர்த்துவார், பெருக்குவார், சத்துருவை ஓட்டுவார். உபத்திரவம் உண்டு என்ற வசனம் யாருக்கும் வந்ததே இல்லை. அச்சடித்தால்தானே வரும்! இதற்கும் கிளி சீட்டு எடுப்பதற்கும் என்ன வித்தியாசம்? கிளி நெல்லோடு விட்டுவிடும்.

ஒரு யோசனை வந்திருக்கிறது. பிரிஸ்கில்லாவிடம் சொல்லவில்லை. சில யோசனைகளுக்கு மனைவி காற்றுப் படக்கூடாது.

டிசம்பர் 28

அட்டைகள் வந்துவிட்டன. தேனுக்கு நடுவே கொஞ்சம் வேப்பங்கொழுந்து. எல்லாம் இழந்து உடம்பெல்லாம் புண்ணான யோபின் கொப்புளம் ஒன்று. கண்ணீர் ஒன்று. ரோமர் ஒன்பதிலிருந்து ஒன்று: பிள்ளைகள் பிறக்குமுன்னே, நல்லதோ கெட்டதோ செய்யுமுன்னே, ஆண்டவர் ஒருவனை நேசித்தார், ஒருவனை வெறுத்தார் என்கிற இடம். எங்கள் சபை மூப்பர் கையில் கொப்புளம் வந்தால் முகம் எப்படிப் போகும்! டவுன் பஸ்ஸில் தனியே சிரித்தேன். பக்கத்து சீட்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

ஜனவரி 1, 2025

கொப்புளம் மூப்பருக்கே வந்தது. அவர் அசரவில்லை. "யோபுக்குக் கடைசில ரெட்டிப்பா கெடைச்சுதுல்லா! எனக்கும் உண்டு," என்று மைக்கில் சொல்லி ஸ்தோத்திரம் வாங்கிவிட்டார். தோற்றேன்.

ஜெபாவும் பெலிக்ஸும் வந்திருந்தார்கள். ஜெபா அட்டையைப் பார்த்துப் பர்ஸுக்குள் வைத்தாள். பிரியாணிக்கு நிற்கவில்லை. மசக்கை போல.

ஜனவரி 9

மசக்கை இல்லை.

பிரிஸ்கில்லா ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஜெபா வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. "என்னத்த அச்சடிச்சீக?"

அந்த ரோமர் அட்டை ஜெபாவுக்கு வந்திருக்கிறது. "பொறக்குமுன்னாலயே வெறுத்துட்டாருக்கா, எம்புள்ளைய"ன்னு அழுதிருக்கா. ராத்திரி தூங்குறதில்லையாம், பிரஷர் ஏறியிருக்காம், புது மாத்திரை எழுதியிருக்காகளாம் — ஐயோ, நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்? மூப்பரைக் கிள்ளப் போய் யாரைக் கிள்ளியிருக்கேன்?

ஜனவரி 10

திருச்சிக்குப் போகவேண்டிய பெட்டியில் தூத்துக்குடி லேபிள் ஒட்டி அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 13

பெலிக்ஸ் அவளை ஐயாதுரையிடம் கூட்டிப்போயிருக்கிறான். அவர் அட்டையைக் கிழித்து, வசனத்தை ரத்து செய்து ஜெபித்தாராம். (வேத வசனத்துக்கு ரத்து! ரயில் டிக்கெட்டா அது?) அதோடு நிற்கவில்லை. விசுவாசத்துக்கு அடையாளமாகப் பிரஷர் மாத்திரையை விட்டுவிடச் சொல்லிவிட்டார். விட்டுவிட்டாள். நிறுத்தினால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஐயாதுரைக்கு மறுப்பு எழுத உட்கார்ந்தேன். நாலு பக்கம் ஓடியது, நல்ல காரம். பிரிஸ்கில்லா எட்டிப் பார்த்துவிட்டு, "அவர்ட்ட அவளைத் தள்ளிவிட்டது யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

ஜனவரி 15

போனேன், பேசினேன், கெடுத்தேன். பெலிக்ஸுக்கு முன்னால் வசனம் வசனமாக அடுக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க ஒரு அட்டை குடுத்தீக, அவளுக்குத் தூக்கம் போச்சு. அவரு ஒரு ஜெபம் பண்ணாரு, அன்னைக்கு ஒரு நேரம் சாப்பிட்டா. நான் எவரு பேச்சண்ணே கேக்கணும்?" என்றான்.

ஜெபா அடுக்களையை விட்டு வரவேயில்லை.

ஜனவரி 17

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மெடிக்கலில் யார்? பாஸ்டர் ஐயாதுரை. தொண்டைக்கு மாத்திரை வாங்குகிறார்! போனை எடுத்துவிட்டேன். ஒரு படம் போதும், சபை வாட்ஸப் குரூப் பற்றி எரியும். கை துறுதுறுத்தது.

அவரே பார்த்துவிட்டார். "கத்திக் கத்தித் தொண்டை போச்சு அண்ணாச்சி," என்று மாத்திரையை ஜிப்பாவில் ஒளித்தார். பொறவு தாழ்ந்த குரலில், "அந்தப் புள்ள அழுதத பாத்தா... ஏதாச்சும் சொல்லணும்போல இருந்துச்சு. சொல்லிட்டேன்," என்றார்.

அவர் உபதேசம் தப்பு. நூறு தடவை தப்பு. ஆனால் ஏதாச்சும் சொல்லியே ஆகவேண்டும் என்கிற அந்த அரிப்பு — அது யாருக்கில்லை? படம் எடுக்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

வகுப்பு முடிந்து நேரே ஜெபா வீடு. கையில் குறிப்பு இல்லை. அவளுக்குக் கால் வீங்கியிருந்தது.

"அத நான்தாம்ட்டி போட்டேன். மூப்பரு முகத்தப் பாக்கணும்னு வெளயாட்டா."

அவள் காலை இழுத்துக்கொண்டாள். "போட்டது நீங்க. என் கைக்கு வந்தது எப்படி? அவர் அறியாம ஒண்ணும் நடக்காதுன்னு நீங்கதான அத்தான் சொல்வீக?"

சரியாகப் பிடித்தாள். என் வகுப்பில் எவனும் இப்படிக் கேட்டதில்லை.

"எல்லாம் அவர் கைக்குள்ளதான். இல்லேங்கல. ஆனா கைக்கு வந்தத வச்சு அவர் மனச ஜோசியம் பாக்கச் சொல்லலியே. அவர் மனசு தெரியணும்னா குமாரனைப் பாரு. சிலுவையில தொங்குறாருல்லா, நமக்காக. வேற எங்கயும் தேடாத. அந்த வசனம் உம்புள்ளைய வெறுக்க எழுதுனதில்ல. நாம செஞ்சது, செய்யாதது எதுவும் கணக்குல இல்ல, இரக்கம் மட்டுந்தான்னு சொல்ல எழுதுனது."

"எனக்கு விசுவாசமே இல்லாம போச்சுன்னா?"

"நீ விட்டாலும் அவர் விடமாட்டாரு. இத்தன வருஷம் நான் கத்துறது அதத்தான்."

"மாத்திரை போட்டா இருக்கதும் கொறையாதா?"

"கொறஞ்சா கொறயட்டும்ட்டி. நீயும் புள்ளையும் ஒன் விசுவாசத்துல தொங்கல. முடிவக் குறிச்சவரு வழியையும் குறிச்சிருக்காரு. அந்த டாக்டரம்மாவையும் மாத்திரையையும் வேற யாரு அனுப்புனா?"

கூடத்தில் பெலிக்ஸ் டிவி சத்தத்தைக் குறைத்தது கேட்டது.

"புள்ள நல்லபடியா பொறந்துருமா அத்தான்?"

பொறக்கும் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஒரு தேன் அட்டை. "தெரியாதுட்டி," என்றேன்.

"பாப்போம்," என்று எழுந்து போய்விட்டாள். மாத்திரை போடுவாளா? கேட்கத் தைரியம் இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

சபையில் எழுந்து, நான் செய்ததைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அத்தோடு விட்டேனா? அடுத்த வருஷம் தட்டே வேண்டாம் என்றும் சொன்னேன். மூப்பர் கொதித்தார். "அப்போ எத நம்பிய்யா ஒரு வருஷத்த ஓட்ட?"

"முழு வேதம் இருக்கே ஐயா."

எடுபடவில்லை. மன்னித்துவிட்டார்கள், தட்டை விடமாட்டார்களாம்.

பிப்ரவரி 3

பிரிஸ்கில்லா போனை வைத்துவிட்டுச் சொன்னாள்: மாத்திரை போடுகிறாளாம். பெலிக்ஸே எடுத்துக் கொடுக்கிறானாம். பிரஷர் இன்னும் முழுதாக இறங்கவில்லை. ராத்திரியெல்லாம் வீட்டுக்குள் நடக்கிறாளாம்.

நானும் நடக்கிறேன். இதைப் பிரிஸ்கில்லா யாருக்கும் போன் செய்து சொல்வதில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஜெபாவும் பெலிக்ஸும் வகுப்புக்கு வந்தார்கள். எதிர்பார்க்கவில்லை. தேவன் தெரிந்துகொண்டவர்களைக் கடைசிவரை காப்பதைப் பற்றி இன்று பாடம். ஐயாதுரைக்கு எழுதிய நாலு பக்கத்தில் நல்லதை மட்டும் பொறுக்கி வைத்திருந்தேன். உச்சக்கட்டத்துக்கு வந்து, குரலை உயர்த்த மூச்சை இழுத்தபோது பார்த்தேன்: இரண்டாம் வரிசையில், சுவரில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, ஜெபா தூங்கிக்கொண்டிருந்தாள்.

பெலிக்ஸ் பதறி அவள் தோளைத் தொடப் போனான். வேண்டாம் என்று கை காட்டினேன்.

மீதியை மெதுவாகவே சொல்லி முடித்தேன். ஃபேன் சத்தத்தில் முன்வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது.