கருகிய தொப்பிக்காரன்

அத்பாஷி
மார்ச் 4, 2009

அன்புள்ள முகாஷ்,

இருபத்திரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். நலமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நான் வேலை பார்க்கும் வானிலை நிலையம் பனியில் அடைபட்டுக் கிடந்தபோது, மகள் பெர்மெத் கொண்டுவந்த உன் நான்கு நாவல்களையும் படித்து முடித்தேன். நிலாவுக்கு ரயில் விடுகிறாய், வற்றிய ஏரிக்கடியில் நகரம் கட்டுகிறாய். நன்றாகவே புளுகுகிறாய்.

ஆனால் நான்கிலும் பெயரில்லாத ஒருவன் வருகிறான். விளிம்பு கருகிய கம்பளித் தொப்பி, நாக்கடியில் சர்க்கரைக் கட்டி. தேநீர் குடிக்க உட்காருகிறான், பாதியில் எழுந்து போய்விடுகிறான். பெர்மெத் சிரிக்கிறாள். "அப்பா, இது நீங்கதானே? தொப்பி நம்ம ஆணியிலதான தொங்குது."

என்னைக் கேலி செய்கிறாயா? நேராகச் சொல்.

ஷெர்காஸி

பிஷ்கெக்
மார்ச் 15

என் ஷெர்காஸி,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் வாசலில் நின்றபடியே பிரித்துப் படித்தேன். அந்தத் தொப்பிக்காரன் சாவின் தூதன் என்கிறார் ஒரு வாசகர். எதிர்காலத்து உளவாளி என்கிறார் இன்னொருவர். ஐந்தாவது நாவலோடு இந்த வரிசை முடிகிறது. அவன் யாரென்று சொல்லாவிட்டால் அச்சேற்ற மாட்டேன் என்று பதிப்பாளர் பிடிவாதம் பிடிக்கிறார்.

அவன் நீதான். கேலி இல்லை. நீ கடைசியாக என் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, என் மனைவி அனாரா தன் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். என் முதல் நாவலின் கதையை உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்தாய், பூட்ஸை மாட்டினாய், போய்விட்டாய். கடிதங்களுக்கும் பதில் இல்லை. ஏன் போகிறான் என்று இந்தத் தடவையாவது சொல்லுவான் என்றுதான் நாவலுக்கு நாவல் அவனை வரவழைக்கிறேன். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். நீயாவது சொல்.

முகாஷ்

அத்பாஷி
மார்ச் 27

முகாஷ்,

கதை நன்றாகத்தான் இருந்தது. ரயில் நிலாவை நெருங்கும் நேரத்தில் என் கிண்ணத்தை விளிம்பு வரைக்கும் நிறைத்தாய். விருந்தாளிக்கு அரைக் கிண்ணத்துக்கு மேல் ஊற்றினால் 'போதும், கிளம்பு' என்று அர்த்தம். தொட்டில் குழந்தைக்கும் தெரியும். பட்டணத்து எழுத்தாளனுக்கு மலைக்காரன் அலுத்துப்போனான் என்று நினைத்தேன். ரொம்ப வலித்தது. உன் கடிதங்களைப் பிரிக்கவேயில்லை, பெட்டியில் கிடக்கின்றன.

ஷெர்காஸி

பிஷ்கெக்
ஏப்ரல் 8

அட கிறுக்கா,

என் கண்ணெல்லாம் ரயில் மேலே இருந்தது. கை அதுபாட்டுக்கு ஊற்றியிருக்கிறது. அனாராவிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். "கதை சொல்றப்ப நீங்க எப்பவும் வழிய வழியத்தான் ஊத்துவீங்க. மேசைத் துணியெல்லாம் கறை. அவரு கிண்ணத்தப் பாக்காம உங்க மூஞ்சியப் பாத்திருக்கலாம்" என்றாள்.

இரண்டு நாள் எனக்கு எதுவும் ஓடவில்லை. மூன்றாம் நாள் கடைசி அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதினேன். அவன் வருகிறான், தொப்பியைக் கழற்றி வைக்கிறான். அரைக் கிண்ணம் ஊற்றுகிறார்கள். குடித்துவிட்டு மறுபடி நீட்டுகிறான். படித்த பதிப்பாளர் அவன் எப்போது கிளம்புவான் என்று கேட்டார். கிளம்ப மாட்டான் என்றேன். அவன் யார் என்று அப்புறம் அவர் கேட்கவில்லை.

வந்துவிடு. உனக்குச் சொன்ன நிலா ரயில் கதை இன்னும் பாதியில் நிற்கிறது.

முகாஷ்

அத்பாஷி
ஏப்ரல் 19

அன்புள்ள முகாஷ்,

சனிக்கிழமை வருகிறேன், அதே தொப்பியோடு. பெட்டியில் கிடக்கும் உன் கடிதங்களையும் எடுத்து வருகிறேன். நீயே பிரித்துப் படித்துக் காட்டு.

கதையை நீ சொல். தேநீரை அனாரா ஊற்றட்டும்.

ஷெர்காஸி