விடுமுறைத் திங்களன்று விழுந்த கிளை

வியாழக்கிழமை, சர்ச் வாக்

அன்புள்ள டாம்சின்,

நான் நலம் என்று எழுத இந்த வாரம் கை வரவில்லை. நீயாவது ஆக்லாந்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, தேநீருக்குத் தண்ணீர்கூட வைக்காமல், இரவு உடையின் மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போய் அடுத்த வீட்டு மிசஸ் ஆல்டஸின் வாசலில் கிடந்த மரத்தூளைக் கூட்டி அள்ளினேன். அவர் எழுந்து வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரம். நாற்பத்தேழு வயதில் திருடியைப் போல அடுத்த வீட்டு வாசலைக் கூட்டுகிறேன், எல்லாம் நீ செய்த காரியத்தால்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நீ இங்கிருந்து பல்லாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு ஏற்பாடு செய்த காரெத், லாரியும் ரம்பமுமாக வந்து கூரைக்கு மேல் ஓங்கி நிற்கும் நம் தோட்டத்து பீச் மரத்தில் ஏறினார். மே மாத வங்கி விடுமுறை, கவுன்சில் ஆபீஸ் மூடியிருக்கும், செவ்வாய்க்கிழமை அவர்கள் திறப்பதற்குள் மரம் விறகாகிவிடும், இதுதானே உன் யோசனை? ஆபீஸ் மூடியிருந்தால் தெருவில் உள்ள அத்தனை பேரும் வீட்டில் இருப்பார்கள் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? இந்த ஊரில் விடுமுறை நாள் காலையில் ரம்பச் சத்தம் கேட்டால் யாரோ கவுன்சிலுக்குத் தெரியாமல் மரம் வெட்டுகிறார்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கதவு கதவாகத் திறந்தது. தேநீர்க் குவளையும் கையுமாகத் தெருவே நம் வேலியோரம் நின்றது. மிசஸ் ஆல்டஸ் செருப்பு மாற்றக்கூட நிற்காமல் வந்து, “ஏம்மா லோர்னா, ஈஸ்டருக்குக்கூட சர்ச்சுல இவ்வளவு கூட்டம் பாக்கல. லீவு நாளாப் பாத்து வச்சிருக்கியே, ரொம்ப சாமர்த்தியந்தான்” என்றார். நான் ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன். காரெத் கயிற்றில் தொங்கியபடியே, “உங்க பொண்ணு ஈமெயில்ல எழுதியிருக்காங்க மேடம், எல்லாம் பாத்தாச்சு, அம்மாவுக்கும் தெரியும்னு. இறங்குன்னா இறங்குறேன், எனக்கென்ன” என்றார். அதற்குள் சமையலறைப் பக்கத்துப் பெரிய கிளை புல்லில் கிடந்தது.

எல்லாம் பார்த்தாயா? என்ன பார்த்தாய்? கவுன்சில் வரைபடத்தைத் திறந்தாய், நம் மரத்தின் மேல் பச்சைப் புள்ளி இல்லை, ஆகவே அதை வெட்டக்கூடாது என்று தனி உத்தரவு எதுவும் இல்லை, ஆகவே வெட்டலாம். அதே படத்தில் தேவாலயத்திலிருந்து ஆற்றுப்பாலம் வரைக்கும் நம் தெரு முழுவதும் வெளிர் ஊதாவில் அடித்திருப்பது உன் கண்ணில் படவில்லை. பாதுகாக்கப்பட்ட பழைய பகுதி, இங்கே மணிக்கட்டைவிடச் சற்றுப் பருத்த எந்த மரத்தில் கை வைப்பதானாலும் ஆறு வாரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். ஒரு கடிதம், ஆறு வாரப் பொறுமை, அவ்வளவுதான் கேட்கிறார்கள், அவர்கள் சரி என்றே சொல்லியிருக்கலாம். வீட்டை விற்க வேண்டும், வாங்க வருகிறவர்களுக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று உனக்கு ஆறு வாரம் பொறுக்கவில்லை. அப்பா பாதி வீட்டை உன் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார், சரி, அப்படியானால் மரத்திலும் பாதிதான் உன்னுடையது, நீ வெட்டச் சொன்னது எந்தப் பாதி?

செவ்வாய்க்கிழமை கவுன்சிலிலிருந்து மரங்களைப் பார்க்கிற அதிகாரி மிஸ் பென்ரோஸ் வந்தார். உன்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவர், அளவு நாடாவும் கேமராவுமாக வந்தவர் என் தேநீரை வேண்டாம் என்றார். விழுந்த கிளையைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்து, “புது இலை பளபளன்னு விட்டிருக்கு. இதைப் பட்டுப்போன கிளைன்னு மட்டும் எழுதிடாதீங்க, எங்க ஆபீஸ்ல சிரிப்பாங்க” என்றார். யார் வெட்டச் சொன்னது, யாருக்குத் தெரியும், வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் வேண்டும், அதைப் பார்த்துத்தான் கோர்ட்டுக்குப் போவதா இல்லையா என்று முடிவாகுமாம்.

அன்றைக்கே நீ போனில் அழுதாய். “அம்மா, கிளை ஆடுச்சு, சமையலறை மேல விழுந்துடும்னு பயந்து நானே வெட்டச் சொன்னேன்னு எழுதிடும்மா. உன்னை யாரு சந்தேகப்படப் போறா? எனக்கு இங்க நிரந்தரமா இருக்கிறதுக்கு விண்ணப்பம் போயிருக்கு, கேஸ்னு ஒண்ணு வந்தா எல்லாம் போச்சு” என்றாய். மூன்று வருடமாக நீ அதற்காகத்தான் உழைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை நீ கேட்கவில்லை, என்னைப் பற்றியும் கேட்கவில்லை. வாழ்க்கையில் ஒரு தடவைகூடப் பொய்க் கையெழுத்துப் போடாத ஒருத்தியிடம் உப்பு எடுத்துக் கொடு என்பதைப் போலக் கேட்டாய். கோபத்தில் நான் போனை வைத்தது உனக்குப் புரிந்திருக்கும்.

ஆனால் நானும் யோக்கியமில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். கிளம்பும்போது காரெத் கேட்டார், “சன்னல் திறந்துதான இருந்துச்சு மேடம், முதல்லயே சத்தம் கேக்கலையா?” என்று. கேட்டது. லாரி வந்ததும் கேட்டது, ரம்பம் உறுமியதும் கேட்டது, என்ன நடக்கிறது என்று அந்த நொடியே புரிந்தது. நான் ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவினேன். மார்மலேடும் தடவி முழுதாகத் தின்று முடித்தேன். இருபது வருடம் அந்த இருட்டுச் சமையலறைக்காக உன் அப்பாவோடு சண்டை போட்டவள் நான். ஒரு கிளை விழட்டும், அப்புறம் ஓடிப்போய்த் தடுக்கலாம் என்று காத்திருந்தேன். அது விழுந்ததும் மேசை மேல் வெயில் விழுந்தது. டாம்சின், ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஓடினேன், தெரு பார்க்கும்படியாக. உன் மேல் இவ்வளவு ஆத்திரம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நேற்றெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்தேன். நான் ரகசியமாக ஆசைப்பட்டதைத்தான் நீ என்னைக் கேட்காமல் செய்தாய்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், நெஞ்சுச் சளிக்கு மருந்தை நிறுத்திவிடாதே. பல் வைத்தியரை இரண்டு தடவை தள்ளிப்போட்டாய், இனியாவது போ. என்ன கோபம் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை, நம்பினால் நம்பு.

மிஸ் பென்ரோஸுக்கு என்ன எழுதப் போகிறேன் என்று மிசஸ் ஆல்டஸ் வேலிக்கு மேலாக மூன்று தடவை கேட்டுவிட்டார், சொல்லவில்லை. நீ காரெத்துக்கு எழுதிய ஈமெயிலை அவரிடமே கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், அதையும், நான் காத்திருந்த கதையையும், இரண்டையும் சேர்த்து நாளை காலை நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் மாறிவிடுவேன். அதனால்தான் கையால் எழுதித் தபாலில் போடுகிறேன், இது உன்னிடம் வருவதற்குள் வெள்ளிக்கிழமை போயிருக்கும்.

அன்புடன்,
அம்மா